ஒரு பழைய காமிரா கற்பித்த பாடம்



என் பாட்டனாருக்கு எண்பது வயது நிறைந்த விழாவில் படமெடுக்கும் பொறுப்பை நானே வலிய ஏற்றுக்கொண்டேன். என் கையில் இருந்தது, சிற்றப்பா எனக்களித்த ‘பென்டாக்ஸ் கே1000’ என்னும் காமிரா. காலை முதல் மாலை வரை 36 படங்கள் எடுத்தேன். எண்காட்டியும் 36 என்றே காட்டியது. ஆனால், அதற்குப் பின்னும் பிலிமை நகர்த்தும் நெம்புகோல் தடையின்றிச் சென்றது. ஐயுற்றுப் பின்கதவைத் திறந்தேன். பிலிமின் முனை சுருட்டும் உருளையில் மாட்டிக்கொள்ளவே இல்லை! ஒரு படமும் பதியவில்லை. மறு ஆண்டு பாட்டனார் காலமானார். பிழை கருவியினுடையது அன்று; என்னுடையது. நீங்களும் அப்பிழையைச் செய்யாதிருக்கவே இன்று பேச வந்தேன்.

இக்காமிரா 1976ஆம் ஆண்டு வெளிவந்து, 1997 வரை உற்பத்தி செய்யப்பட்டது. இதன் இயக்கம் முழுவதும் வில்சுருளாலும் பற்சக்கரங்களாலும் நடைபெறுவது. உள்ளே உள்ள சிறு பொத்தான் பாட்டரி, ஒளிமானிக்கு மட்டுமே உதவுகிறது. பாட்டரி தீர்ந்தாலும் படமெடுக்கலாம்.

இவ்வகைக் காமிராவின் சிறப்பு யாது? லென்ஸின் வழியே வரும் ஒளியைச் சாய்வாக அமைந்த ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது. பட்டகம் ஒன்று அதனை நம் கண்ணுக்குக் கொணர்கிறது. ஆகவே, லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுகிறது. துணித்திரை திறந்து மூடுகிறது. ஒளி பிலிமில் விழுகிறது. படம் பதியும் அந்தக் கணத்தை மட்டும் நாம் காண்பதில்லை! பதிந்ததை உடனே பார்க்கவும் வழியில்லை. ஆதலால், எல்லாக் கவனமும் முன்கூட்டியே வேண்டும்.

முதலில் பிலிமைப் பொருத்துங்கள். அதன் முனையை உருளையின் பிளவில் செருகி, ஓரத் துளைகள் பற்சக்கரத்தில் பதிந்தனவா என்று பார்த்துக் கதவை மூடுங்கள். இடப்புறம் மேலே உள்ள கைப்பிடியை, அம்புக்குறி காட்டும் பக்கமாக மெல்லத் திருப்பித் தொய்வை நீக்குங்கள். தடை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். பின் நெம்புகோலை இழுக்கும்போது அக்கைப்பிடி எதிர்ப்புறமாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது என்று பொருள். எண்காட்டியை நம்பாதீர்கள், பிலிமே இல்லாவிடினும் அது எண்ணிக்கொண்டே போகும். இச்சோதனைக்கு ஐந்து விநாடி போதும். அன்று அந்த ஐந்து விநாடியை நான் செலவிடவில்லை.

அடுத்தது ஒளியின் அளவு. பிலிம் உறையில் உள்ள ஐ.எஸ்.ஓ. எண்ணைக் காமிராவிலும் அமைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகளில் ஏ.எஸ்.ஏ. என்றிருக்கும், எண் ஒன்றே. பின் இரண்டைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, திரை திறந்திருக்கும் நேரம். மற்றொன்று, லென்ஸின் துவாரம். குழாயில் குடத்தை நிரப்புவதை எண்ணிப் பாருங்கள். குழாயை அகலத் திறந்தால் விரைவில் நிரம்பும். சிறிதாகத் திறந்தால் நேரம் பிடிக்கும். துவார எண்கள் 4, 5.6, 8, 11, 16 என உயர உயரத் துவாரம் சுருங்கும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். ஆகவே, 8இல் விநாடியின் 125இல் ஒரு பங்கும், 5.6இல் 250இல் ஒரு பங்கும் ஏறத்தாழ ஒரே ஒளியைத் தரும். துவாரம் சிறிதானால் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும். நேரம் குறைந்தால் ஓடுவதும் நின்றாற்போல் பதியும். கையில் பிடித்து எடுக்கையில் 60இல் ஒரு பங்குக்கும் மேல் நேரத்தை நீட்டாதிருப்பது நலம். நீட்டினால் நடுக்கம் படத்தில் தெரியும்.

பார்வைச் சாளரத்தின் வலப்புறம் ஒரு முள் உண்டு. அது நடுவில் நின்றால் ஒளி சரி. ஆயினும் முள்ளும் ஏமாறும்! ஜன்னலை ஒட்டி ஒருவர் நின்றால், வெளி வெளிச்சத்தையும் சேர்த்தளந்து அவர் முகத்தை இருளாக்கிவிடும். அப்போது அருகே சென்று முகத்தை மட்டும் அளந்து, அந்த அளவை மாற்றாமல் பழைய இடத்துக்கு வந்து எடுங்கள்.

பிலிம் முடிந்ததும் அடிப்புறப் பொத்தானை அழுத்தி, கைப்பிடியால் பிலிம் முழுவதையும் அதன் கூட்டுக்குள் சுருட்டிய பின்னரே கதவைத் திறக்க வேண்டும்.

இப்போதும் பிலிம் ஏற்றும்போதெல்லாம் அக்கைப்பிடி சுழல்வதைப் பார்த்த பின்னரே காமிராவைத் தோளில் மாட்டுகிறேன். பாட்டனாரின் விழா திரும்பி வரப்போவதில்லை. உங்கள் வீட்டு முதியவர்களை நீங்கள் படமெடுக்கும் நாளில், அந்த ஐந்து விநாடியை மறவாதீர்கள்.