ஓடைக்கரையிலிருந்து வந்த ஒன்பது போத்துகள்

எங்கள் பள்ளியின் பின்சுவரை ஒட்டிப் பள்ளமான மூலை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் மரம் நடு விழாவின்போது அந்த மூலையில் வேப்பங்கன்று நடுவோம், படம் எடுப்போம். மழை ஓயும்போது கன்று வேரழுகிப் போயிருக்கும். அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று. நான் மாறுதலில் இங்கு வந்த பிறகு மட்டும் மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை குழியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பேத்தியை அழைத்துப் போக வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "வேம்புக்கு எதுக்கு டீச்சர் இந்தச் சேறு? இங்கன ஆத்துப்பாலைப் போத்து ஊனி விடுங்க. தண்ணியிலயே நிக்குற மரம் அது" என்றார்.

பெயரைக் கேட்டு, பால் வடியும் மரம் என்றுதான் நினைத்தேன். இந்த மரத்தில் பால் கிடையாது. எங்கள் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஓடைக்கரையில் அந்த மரத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். ஈட்டி போல் நீண்ட இலை, அடிப்பக்கம் வெளுப்பு, நீண்ட வெடிப்புகள் ஓடிய பட்டை. புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் அது வில்லோ இனம் என்று தெரிந்தது. தாவரவியல் பெயர் சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா. அந்தப் பெயரைச் சூட்டியவர் கோரமண்டல் கரைத் தாவரங்களைப் பற்றி எழுதிய வில்லியம் ராக்ஸ்பர்க். நீர்வஞ்சி என்றும் இதற்குப் பெயர் உண்டு. சங்க இலக்கியத்து வஞ்சி இதுதான் என்று சிலரும், இல்லை, அது பிரம்பு வகைக் கொடி என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எங்கள் தமிழாசிரியர் இரண்டாவது கட்சி. ஆசிரியர் அறையில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நட்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வில்லோ மரத்தின் கிளையில், பட்டைக்கு அடியிலேயே வேர் முளைக்கும் இடங்கள் முன்கூட்டித் தயாராக இருக்கும். ஈரம் பட்டால் போதும், வேர் வெளியே வந்துவிடும். அதனால் நாற்றுப்பண்ணையைத் தேட வேண்டியதில்லை. இலை உதிர்ந்து, புதுத் துளிர் விடுவதற்கு முந்தைய நாட்களே போத்து வெட்ட ஏற்றவை. கட்டைவிரல் பருமனில், ஒன்றரை அடி நீளத்தில், முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும். அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிவிட்டால் தலை எது, கால் எது என்ற குழப்பம் வராது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கும் மரத்தைத் தொடாதீர்கள். நாங்கள் ஒரு விவசாயியிடம் கேட்டு, அவர் தோட்டத்து ஓடைக்கரையில் நின்ற ஒற்றை மரத்திலிருந்து ஒன்பது போத்துகளை எடுத்தோம்.

ஏழு போத்துகள் பள்ளமான மூலைக்குப் போயின. அவற்றில் ஒன்றை ஆறாம் வகுப்புக் குழு தலைகீழாக நட்டுவிட்டது. பிடுங்கி மாற்றப் போனேன். "இருக்கட்டும் டீச்சர், என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று தடுத்துவிட்டார்கள். அதுவும் துளிர்த்தது. துளிர்கள் கீழ்நோக்கிக் கிளம்பி, வளைந்து மேலே திரும்பின. புவிநாட்டத்தைக் கரும்பலகையில் விளக்க வேண்டிய தேவை அந்த ஆண்டு எனக்கு ஏற்படவில்லை. ஆனால் அந்தப் போத்து வலுவாக வேர்பிடிக்காமல் முதல் கோடையிலேயே காய்ந்துவிட்டது.

கோடைதான் பள்ளித் தோட்டத்துக்குச் சோதனைக் காலம். மற்ற நாட்களில், மதிய உணவுக்கு முன் பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் ஒரு சிறு வாய்க்கால் வழியாக அந்த மூலைக்குப் போகும்படி செய்திருந்தோம். மே மாதம் அந்தத் தண்ணீரும் இல்லை. விடுமுறைக்கு முன்பே ஒவ்வொரு போத்தைச் சுற்றியும் உதிர்ந்த இலையையும் வைக்கோலையும் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டோம். பள்ளிக்கு அருகில் வீடு உள்ள இரண்டு மாணவர்கள் நாள் விட்டு நாள் குடத்தில் ஊற்றினார்கள். தலைகீழ்ப் போத்தைத் தவிர மற்ற ஆறும் தப்பின. முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் வேர் கீழ் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு கவலை குறைவு.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆண்டில் ஒவ்வொரு போத்திலும் நான்கைந்து தளிர் வரும். வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கரையான் வராதபடி மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். இந்த மரத்தின் கிளை எளிதில் முறியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்வதும், பிள்ளைகளை அதில் ஏற விடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. இலையைப் புழு தின்றால் உடனே மருந்து தேடாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளிகள் கொண்ட காமன் லெப்பர்ட் என்ற வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடும். எங்கள் ஏழாம் வகுப்பு, புழுவிலிருந்து கூட்டுப்புழு வரை அங்கேயே நின்று பார்த்தது.

ஒன்பதில் ஏழுக்குக் கணக்குச் சொல்லிவிட்டேன். மீதி இரண்டைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த இரண்டையும் மாணவியர் கழிவறைக்குப் பின்னால், சுவரிலிருந்து ஆறடி தள்ளி நட்டேன். அங்கே எப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்தது, நிழலும் வருமே என்று எண்ணினேன். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. இரண்டும் மூலையில் இருந்தவற்றைவிட வேகமாக வளர்ந்தன. வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். மூன்றாம் ஆண்டு, அரையாண்டுத் தேர்வு நேரத்தில், கழிவறை அடைத்துக்கொண்டது. கொத்தனார் தோண்டிப் பார்த்தபோது, குழாய் இணைப்பில் இருந்த மயிரிழை விரிசல் வழியாக வேர் உள்ளே நுழைந்து, தலைமுடிக் கற்றைபோல் குழாயை நிறைத்திருந்தது. அந்தக் கசிவுதான் நான் பார்த்த ஈரம்.

சரிசெய்ய நான்கு நாட்களாயின. அந்த நான்கு நாளும் மேல்வகுப்பு மாணவியர் சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். இருவர் மதியம் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "மரம் நட்டது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். தலைமை ஆசிரியர் எனக்காகப் பேச முயன்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசுமை என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் எங்கு வேண்டுமானாலும் குழி தோண்டலாம் என்று நானும் நினைத்திருந்தேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டு மரங்களையும் எடுத்தோம். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், தூரோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். வில்லோ நடுவதானால் கட்டடம், கழிவறைக் குழாய், கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்த் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் இல்லாத பள்ளிக்கு இந்த மரம் வேண்டாம். நீர் நிற்காத, வறண்ட பகுதிகளுக்கும் வேண்டாம். அங்கே போத்து நட்டுக் காட்டப் பூவரசும் முருங்கையும் போதும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பணியாற்றுவோர் தொங்கும் கிளைகள் கொண்ட வில்லோவை நட விரும்பலாம். அதன் பெயரில் பாபிலோன் இருந்தாலும் சொந்த நாடு சீனா. அதற்கும் இதே இடைவெளி விதி பொருந்தும்.

மூலையில் நின்ற ஆறும் நான்காம் ஆண்டு, இலை உதிர்ந்த பின் பூத்தன. அணில் வால் போன்ற மெல்லிய கதிர்கள், தொட்டால் விரலில் மஞ்சள் மகரந்தம், சுற்றிலும் தேனீ இரைச்சல். சரியாக அந்த வாரம் பத்தாம் வகுப்பில் தாவர இனப்பெருக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு என்று சொல்லிவிட்டு, பெண் பூவைக் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து ஒரு மாணவி வந்தாள். "டீச்சர், ஆறுமே ஆம்பளை. பொம்பளை மரமே இல்ல."

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. ஆறும் ஒரே மரத்தின் போத்துகள். தாய் மரம் என்று வாய் தவறிச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது ஆண் மரம். உடல இனப்பெருக்கத்தில் உருவாகும் தாவரம் மரபுப் பண்புகளில் மூலத் தாவரத்தை அப்படியே ஒத்திருக்கும் என்று பல ஆண்டுகளாக எழுதிப் போட்ட வரியின் பொருள், அந்த மூலையில் ஆறு மரங்களாக நின்றது. மாணவர்களோடு சேர்ந்து நானும் அன்றுதான் அதைப் படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பாடவேளை மணி அடித்த பிறகும் ஓடியது. கிரிக்கெட் பற்றிச் சொன்னபோது பையன்களும் நெருங்கி வந்தார்கள். இங்கிலாந்தில் மட்டைக்கென்றே வளர்க்கும் வில்லோ, வெள்ளை வில்லோவின் செருலியா என்ற ரகம். அது பெண் மரம். விதையை நம்பாமல் போத்திலிருந்தே அதைப் பெருக்குகிறார்கள். மரத்தின் தன்மை மாறினால் மட்டையின் தன்மையும் மாறிவிடும் அல்லவா? நம் கடைகளில் கிடைக்கும் காஷ்மீர் வில்லோ மட்டையும் இந்தக் குடும்பத்து மரம்தான். எங்கள் ஆற்றுப்பாலையில் மட்டை செய்யலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

வேதியியலுக்கும் இந்த மரத்திடம் கதை இருக்கிறது. காய்ச்சலுக்கு வில்லோ பட்டை உதவுவதை எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். 1828-இல் ஜெர்மனியின் யோஹான் புக்னர் பட்டையிலிருந்து சாலிசின் என்ற பொருளைப் பிரித்தார். 1897-இல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் ஆஸ்பிரினைத் தூய வடிவில் தயாரித்தார். சாலிசிலிக் அமிலத்தின் பெயரிலேயே சாலிக்ஸ் இருக்கிறது. இதைச் சொன்ன கையோடு, யாரும் பட்டையை மென்று பார்க்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரினே ஆபத்தாகலாம்.

வில்லோக் குச்சிகளை ஊறவைத்த நீர் மற்ற செடிகளின் போத்தையும் வேர்விடச் செய்யும் என்று தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு. ஒன்பதாம் வகுப்பில் செம்பருத்திப் போத்துகளை அந்த நீரில் பத்து, சாதாரண நீரில் பத்து என வைத்துப் பார்த்தோம். பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அப்படியே எழுதி ஒப்படைக்கச் சொன்னேன். "வேர் நன்றாக வந்தது" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இருவர் அடித்துவிட்டுத் திருத்தினார்கள்.

பெண் மரத்தைத் தேடும் வேலையை மாணவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆடு மேய்க்கப் போகும் ஒரு பையன், ஓடையில் மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பஞ்சு பறக்கும் மரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவில் காய்க்கொத்தோடு வந்தான். சிறிய காயைப் பிளந்து லென்சில் பார்த்தோம். பட்டுப்போன்ற மயிருக்குள் மிக நுண்ணிய விதைகள். பெரும்பாலான காய்களில் நான்கு. டெட்ராஸ்பெர்மா என்றால் நான்கு விதை என்று பொருள் என்பதை எண்ணி முடித்த பிறகுதான் சொன்னேன்.

அந்தப் பெண் மரத்திலிருந்து மூன்று போத்துகளை எடுத்து மூலையில் நட்டிருக்கிறோம். மூன்றும் பிடித்துவிட்டன. விதைகளையும் விட்டுவைக்கவில்லை. இந்த விதைக்கு ஆயுள் சில நாட்கள்தான், எடுத்துவைத்துப் பிறகு விதைக்க முடியாது. அன்று மாலையே காகிதக் குவளைகளில் ஈர மணலின் மேல் தூவி, மண் மூடாமல் விட்டோம். இரண்டாம் நாள் பச்சை தெரிந்தது. நூற்றுக்கு மேல் முளைத்து, பெரும்பாலானவை அழுகி, இப்போது இரண்டு மட்டும் இடுப்பளவு உயரத்தில் நிற்கின்றன. அவை ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. கழிவறைக் குழாயிலிருந்து கன்றுகள்வரை உள்ள தூரத்தையும் அதே தாளில் அளந்து எழுதியிருக்கிறார்கள்: 22 மீட்டர்.