வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், பாம்பன் தீவின் வடகரையைச் சேர்ந்த மீனவக் குடும்பத் தலைவர் ஒருவர் சுருட்டிய தாள் ஒன்றுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். குடிசைகளை மாற்றிக் காங்கிரீட் வீடுகள் கட்டுவதற்கென 2024ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் அவருக்கு ஆணை கிடைத்திருந்தது. தாளில் இருந்தது வீட்டின் வரைபடம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, பின்புறம் சாமான் வைக்க ஓர் அறை. நாற்புறமும் சுவர். முன்னால் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் வீதி.

"வேலை முடிஞ்சதும் நீங்கதான் வந்து மந்திரிக்கணும், சாமி" என்றார்.

நான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதானப்பா. ஆத்தா எங்கே உட்காருவாங்க?" என்று கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். மறுமொழி சொல்லவில்லை.

நான் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருடைய தாயார் எண்பதைக் கடந்த மூதாட்டி. அவர்களது ஓலைக்குடிசையின் முன்னே சாணமிட்டு மெழுகிய மண்திண்ணை ஒன்று உண்டு. விடிந்தது முதல் விளக்கேற்றும் வரை அந்த அம்மையார் அதில்தான் இருப்பார். உலரும் கருவாட்டைக் காக்கையிடமிருந்து காப்பதும், பேத்திக்குத் தலைவாரி விடுவதும், கடலுக்குப் போன படகு திரும்பிற்றா என்று போவோர் வருவோரை விசாரிப்பதும் அங்கிருந்தே நடைபெறும். அவ்வழியே செல்லும்போது அவரது விசாரணைக்கு நானும் தப்பியதில்லை. அந்த மூன்றடித் திண்ணையை எடுத்துவிட்டால் அவருக்கு எஞ்சுவது கூடத்தின் மூலையில் ஒரு கட்டிலும் எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுமே.

தமிழ் இலக்கணம் படித்தோர் 'முன்றில்' என்னும் சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். இல்லத்தின் முன்னுள்ள இடம் 'இல்முன்' எனப்பட வேண்டும். அதுவே சொற்கள் இடம் மாறி 'முன்றில்' என வழங்குகிறது. இதனை இலக்கணப்போலி என்பர். குருமடத்தில் எங்கள் தமிழாசிரியர் இதைக் கற்பித்தபோது மனப்பாடம் செய்ய வேண்டிய மற்றுமொரு விதி என்றே எண்ணினோம். இன்று நினைத்துப் பார்த்தால், இல்லத்தைப் பின்னே நிறுத்தி முன்னிடத்தை முன்னே வைத்த அந்தச் சொல் நம் முன்னோர் வாழ்ந்த முறையையே காட்டுவதாகத் தோன்றுகிறது. முன்றிலோடு நின்றதா? திண்ணை, நடை, இடைகழி, தாழ்வாரம், முற்றம், கொல்லைப்புறம் என எத்தனை பெயர்கள்! வெளியே இருப்பவர் படிப்படியாக உள்ளே வருவார்; உள்ளே இருப்பவர் படிப்படியாக வெளியே வருவார். யாரை எந்தப் படியோடு நிறுத்துவது என்பதிலும் ஒரு முறை இருந்தது. அம்முறை எல்லா வேளையிலும் நீதியானதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திண்ணையில் கூட ஏற விடாமல் வீதியிலேயே நிறுத்தப்பட்டோர் நம் நாட்டில் பலர்.

எனினும் அந்த நடுவிடத்தில் நிகழ்ந்த நல்லவற்றிற்கும் குறைவில்லை. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் ஒதுங்கினர் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இருந்த இடம் அது. நம் மறைநூலிலும் ஆபிரகாம் வெயில் வேளையில் கூடாரத்தின் உள்ளே அன்று, அதன் வாயிலில் அமர்ந்திருந்தபோதுதான் மூவர் வரக் கண்டார். உள்ளே படுத்திருந்தால் விருந்தினர் கடந்து போயிருப்பர்.

நமது கடற்கரைக்கு வருவோம். பனைமரம் மிகுந்த இராமநாதபுரச் சீமையில் பனங்கையும் பனையோலையும் கொண்டு எழுந்த குடிசைகளே ஏழைகளின் வீடுகளாக இருந்தன. குடிசையின் உட்புறம் சிறியது, இருண்டது. அங்கே பெட்டியும் பானையும் இருக்கும். மழை நாளில் மக்கள் படுப்பர். மற்றபடி வாழ்க்கை முழுவதும் வெளியேதான். கிழிந்த வலையைச் சீர்ப்படுத்துவது, மீனைத் தரம் பிரிப்பது, பிள்ளைகள் படிப்பது, பெண் கேட்டு வந்தோரை அமர்த்துவது, இறந்தோரைக் கிடத்தி அழுவது எல்லாம் திண்ணையிலும் பந்தலடியிலும் நடைபெற்றன. ஆகவே 150 சதுர அடிக் குடிசையில் எட்டுப் பேர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று வியக்க வேண்டியதில்லை. அவர்கள் குடிசையில் வாழவில்லை. குடிசையைச் சுற்றி வாழ்ந்தனர்.

சற்று வசதி படைத்தோர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடித்த சுவர் எழுப்பினர். கடலின் பவளப்பாறையே அந்த முருகைக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதனை வெட்டுவது இன்று குற்றம், அது நன்மைக்கே. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த வீடும், சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்ததேயாகும். அவ்வீட்டாரைவிட வெளியார் பலர் அங்கே உண்டனர் என்று அவர் எழுதியிருக்கிறார். தம் தந்தையாரும், கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி இலட்சுமண சாஸ்திரிகளும், தீவின் முதல் ஆலயத்தைக் கட்டிய போடல் அடிகளாரும் ஒன்றாக அமர்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்த்ததையும் அவர் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். அத்தகைய பேச்சுக்கு முதலில் உட்கார ஓர் இடம் வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திராதவர் இரார். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அவ்வூர்கள் இடம் பெற்றன. தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு, அடுத்தடுத்த கட்டுகள் என எல்லாவற்றையும் கடந்து பின்வாசல் வரை ஒரே நேராகப் பார்வை செல்லும். பார்வை செல்லும் வழியே காற்றும் செல்லும். நடுமுற்றத்தில் சூடான காற்று மேலெழும்ப, நிழலான தாழ்வாரங்களிலிருந்து குளிர்ந்த காற்று அதன் இடத்திற்கு வரும். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இதே அமைப்பை நாற்சார் வீடு என்பர். வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென்றே வெளிவாயிலுக்கும் கூரையிடும் வழக்கம் அங்கு உண்டு. அதன் பெயர் சங்கடப்படலை. வேலிக்கு வெளியே நிற்பவனுக்கும் நிழல் தர வேண்டும் என்று எண்ணிய மனிதனை நான் வணங்குகிறேன்.

இவ்வளவும் இருக்க, நாம் ஏன் அடைத்துக்கொண்டோம்? 'பழையதெல்லாம் நல்லது' என்று பாட நான் வரவில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற இரயில் பயணிகளோடு கடலில் போயிற்று. அங்கே இடிந்து நிற்கும் நம் ஆலயத்தில் இன்று உள்ளும் புறமும் ஒன்றே, கூரை இல்லை. அந்த இரவின் கதையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் ஓலைக்கூரையின் பெருமையைப் பேசுவது அறிவுடைமை அன்று. காங்கிரீட் கூரை அவர்களுக்குப் பகட்டு அன்று, பாதுகாப்பு. களவு பயம் உண்டு, நாய் வரும், மணல் பறக்கும், மனையின் விலையோ கேட்கவே வேண்டாம். வயதுவந்த பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தாய்மாரின் கவலையும் அறிந்ததே.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், பங்கு இல்லத்தின் முன் நீண்ட வராந்தா ஒன்று இருந்தது. சைக்கிள் ஒன்று களவு போயிற்று. உடனே நான் வராந்தா முழுவதையும் இரும்புக் கிரில் போட்டு அடைத்துப் பூட்டும் மாட்டினேன். அதுவரை பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் அங்கே அமர்வர். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவர். கணவனோடு பிணங்கி வந்த ஒருத்தி, என்னிடம் ஒன்றும் கேளாமலே அரைமணி நேரம் அமர்ந்து மனம் ஆறி எழுந்து போவாள். கிரில் வந்தபின் எல்லாரும் மணியடித்து 'என்ன வேலையாக வந்தாய்?' என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. வேலை இல்லாதவர் வருவதில்லை. ஒரு மாதத்தில் என் முன்வாசல் அமைதியாயிற்று. அந்த அமைதியை நான் முதலில் நன்மை என்றே நினைத்தேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடற்கரையில் வரிசை வரிசையாக எழுந்த புதுவீடுகளைப் பார்க்கச் சென்றிருந்தேன். நல்ல மனத்தோடு கட்டிக் கொடுத்தவைதாம். ஆயினும் திண்ணையற்ற வீடுகள் பல. சிறிது காலத்திற்குள் மக்கள் தாங்களாகவே வாசலில் நான்கு கழி நட்டு ஓலைப்பந்தல் இட்டுக்கொண்டனர். பொறியாளர் விட்டுவிட்டதை மக்கள் இவ்வாறு திருத்தினர்.

வீடு கட்டக் கற்றோரிலும் இதனை உணர்ந்தவர் உண்டு. 1945இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்து, பின்னர் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007இல் மறைந்த லாரி பேக்கர் அவர்களில் ஒருவர். மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் அவரை ஏழைகளுக்குச் சிக்கன வீடு கட்டும் பணியில் ஊக்குவித்தார். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சுவரையே சன்னலாக்குவது பேக்கரின் வழக்கம். கல்லும் மிச்சம், காற்றும் உள்ளே வரும், வெளியிலிருப்போர் பார்வையும் மறைக்கப்படும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் அவர் எழுப்பிய லயோலா சிற்றாலயத்தில் இதனை நேரில் காணலாம்.

இனி நம் மீனவ அன்பரின் வரைபடத்திற்குத் திரும்புவோம். திட்டத்தின்படி வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை. எஞ்சிய 60 சதுர அடிக்கு, தீப்பற்றாத வேறு கூரையைப் பயனாளியே தெரிந்துகொள்ளலாம். அவரது படத்தில் அந்த 60 அடிதான் பின்புறச் சாமான் அறையாகியிருந்தது. அதனையே முன்னுக்குக் கொணர்ந்தால் 12 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஓட்டுத் தாழ்வாரம் கிடைக்கும் என்று அவருக்குத் தாளிலே கோடிட்டுக் காட்டினேன். ஒரு பாதியில் ஒன்றரை அடி உயரத் திண்ணை. முதியவர் முழங்கால் நோகாமல் அமர்ந்து எழுவதற்கு அந்த உயரமே ஏற்றது. அகலம் மூன்றடி இருந்தால் சற்றுச் சாயவும் செய்யலாம். மேலே வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். ஈரக்காலோடு வருவோர் வழுக்கி விழுவர்.

அவர் வீடு வடக்குப் பார்த்தது. அது நல்லதாயிற்று. கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். மணலும் அத்திசையிலிருந்தே வரும். அப்போது வீடே முன்தாழ்வாரத்திற்கு அரணாகும். வாடைக்காலத்தில் மட்டும் சாரல் நேரே அடிக்கும். ஆதலின் ஓட்டை இரண்டடி வெளியே நீட்டித் தாழ்வாக இறக்க வேண்டும். வைகாசி ஆனியில் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்பதால் அந்த வெயிலையும் அது தடுக்கும். முன்வாசலும் சமையலறைக் கதவும் நேருக்கு நேர் அமையட்டும் என்றேன். அதற்குச் செலவு இல்லை.

களவுக்கு என்ன செய்வது? என் பழைய கிரில்லிலிருந்து நான் கற்றது ஒன்றே. இரும்புக் கதவு வேண்டாம் என்பதில்லை. அது எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. திண்ணைக்கு வெளியே வைத்தால் திண்ணை சிறையாகும். திண்ணைக்கு உள்ளே, கூடத்தின் வாயிலில் வைத்தால் வீடும் பத்திரம், திண்ணையும் ஊருக்கு உரியது.

நேற்று அவர் மறுபடி வந்தார். தாழ்வாரம் மனத்திற்குப் பிடித்திருக்கிறதாம். ஆனால் சாமான் அறை போய்விட்டால் வலையையும் படகு எஞ்சினையும் எங்கே வைப்பது என்று மனைவி கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். கூடத்தில் மூன்றடி குறைத்து ஒரு பக்கம் தடுக்கலாமா என்று கொத்தனாரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

"ஆத்தா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"உங்க இஷ்டப்படி கட்டுங்கன்னுதான் சொல்லுது, சாமி. ஆனா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை."

திங்கட்கிழமை குடிசையைப் பிரிக்கிறார்கள். செவ்வாயன்று அஸ்திவாரம் தோண்டக் கொத்தனார் வருகிறார்.