கார்ப்பரேஷன் பள்ளிகளும் காலைப் பசியும்

பத்தாம் வகுப்புப் பரீக்ஷையின் முடிவு வெளிவரும் ஒவ்வொரு வருஷமும், சென்னைக் கார்ப்பரேஷன் பள்ளிகளின் தேர்ச்சியைத் தனியார் பள்ளிகளின் தேர்ச்சியோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குவது நகரத்துக் கனவான்களுக்கு வழக்கமாகிவிட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இப்பேச்சு சற்று உரக்கவே கேட்கிறது. அப்பள்ளிகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் யார், எங்கிருந்து வருகிறார்கள், எதை உண்டு வருகிறார்கள் என்று கேட்பாரைத்தான் காணோம். அதைக் கேளாமல் மார்க்கை மட்டும் எண்ணுவது நியாயமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

பத்தாம் வகுப்பில் வெளிப்படும் குறை பத்தாம் வகுப்பில் பிறந்ததன்று. ஆறு, ஏழு, எட்டு ஆகிய நடுநிலை வகுப்புகளிலேயே அது வேரூன்றிவிடுகிறது. 2021-22இல் கார்ப்பரேஷன் நடத்திய 281 பள்ளிகளுள் 92 நடுநிலைப் பள்ளிகள். எட்டாம் வகுப்பு முடிய யாரையும் நிறுத்திவைப்பதில்லை. இவ்விதியை நாம் குறை கூறவில்லை. 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019இல் பிறப்பித்த உத்தரவை ஜனங்களின் எதிர்ப்பைக் கண்டு 2020 பிப்ரவரியில் ஸர்க்கார் வாபஸ் பெற்றது நல்லதே. ஆனால் தடையின்றி மேல் வகுப்புக்கு ஏறும் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தான் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டாமா? 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பின்தங்கியோருக்கென 'திறன்' என்னும் திட்டம் 2025-26இல்தான் வந்தது. தாமதமாயினும் வரவேற்கிறோம்.

பிள்ளைகள் யார் என்று பார்ப்போம். பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்குவோர், கட்டிடக் கூலிகள், ஆட்டோ ஓட்டுவோர், கடற்கரைக் குப்பங்களின் மீனவர், வட மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்தவர் ஆகியோரின் மக்களே பெரும்பாலோர். வசதியுள்ளோர் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு எப்போதோ போய்விட்டனர். 2011இல் சமச்சீர்க் கல்வி வந்து பாடப்புத்தகம் ஒன்றாயிற்று, வகுப்பறை ஒன்றாகவில்லை. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடம் எளியோருக்கு என்று ஏற்பட்டபின், ஏழைகளிலும் விவரமறிந்த பெற்றோர் அங்கே செல்ல முயல்வது இயற்கை. எஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு கார்ப்பரேஷன் உபாத்தியாயர் பந்தயத்தில் ஓட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் அறிஞர் 1966இல் வெளியிட்ட பேர்பெற்ற அறிக்கை, பள்ளிக்குச் செய்யும் செலவைக் காட்டிலும் பிள்ளையின் குடும்ப நிலையும் உடன் பயிலுவோரின் நிலையுமே தேர்ச்சியை அதிகம் நிர்ணயிக்கின்றன என்று கண்டது. இதைச் சாக்காகக் கொண்டு உபாத்தியாயர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதை நாம் ஒப்போம். ஆனால் பள்ளியை மட்டும் கூண்டிலேற்றுவதையும் ஒப்போம்.

பிள்ளைகள் குறைவதற்கு ஸர்க்காரே காரணமாயிருப்பதும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் அடையாற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்தோர் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். டிசம்பர் என்றால் பள்ளி ஆண்டின் நடுப்பகுதி! 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோதோ பொதுப் பரீக்ஷையே நடந்துகொண்டிருந்தது. தாய் பழைய வீட்டு வேலையை விட மனமின்றி விடியுமுன் பஸ் ஏறுகிறாள். பிள்ளை பழைய பள்ளிக்குப் பல மைல் அலைகிறது, அல்லது புதிய பள்ளியில் அந்நியனாய் நிற்கிறது. அப்பிள்ளை பெறும் மார்க்கு எந்தப் பள்ளியின் கணக்கில் சேர வேண்டும்? நீதிமன்ற உத்தரவென்றும் நீர்நிலை என்றும் அதிகாரிகள் காரணம் சொல்லட்டும். ஜூன் முதல் ஏப்ரல் முடியவும் பரீக்ஷைக் காலத்திலும் எந்தக் குடியிருப்பிலும் கை வைப்பதில்லை என்று ஒரு விதி செய்ய அவர்களை எது தடுக்கிறது?

இனி வயிற்றின் விஷயம். தியாகராய நகருக்குத் தம் பெயரைத் தந்த பிட்டி தியாகராயர் கார்ப்பரேஷன் தலைவராயிருந்த 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் 165 பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர ஏற்பாடாயிற்று. தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவில்லை. அவருடைய கட்சியைத் தேசீயவாதிகள் கடுமையாய் எதிர்த்த காலம் அது; இக்காரியத்தைப் போற்ற அது தடையாகாது. வேறு நான்கு பள்ளிகளுக்கும் இது பரவவே, ஐந்து பள்ளிகளிலுமாக 1922-23இல் 811 பேராயிருந்த பிள்ளைகள் 1924-25இல் 1,671 பேராயினர். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று ஆங்கில ஸர்க்கார் ஆட்சேபித்தமையால் 1925 ஏப்ரல் முதல் தேதி உணவு நின்றது. கணக்குப் பிள்ளையின் பேனா சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டது.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ளோருக்கு. 2025 ஆகஸ்டில் மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் விழா எடுத்து, நகரப் பகுதிகளின் உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை விரிவாக்கியபோதும் ஐந்தாம் வகுப்பே எல்லையாக நின்றது. அவ்வெல்லைப்படி, ஏப்ரல் வரை காலையில் உண்ட பிள்ளை, ஜூனில் அதே கட்டிடத்தின் ஆறாம் வகுப்பில் அமர்ந்து தம்பி உண்பதைப் பார்க்க நேர்கிறது. பத்து வயதில் இருந்த பசி பதினொன்றில் போய்விடுமோ? மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு 7.5 இடம் 2020இல் ஒதுக்கியபோதும், பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022இல் தொடங்கியபோதும், ஆறாம் வகுப்பிலிருந்து ஸர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றுதான் ஸர்க்கார் பொதுவிதி வகுத்தது. பரிசுக்கு ஆறாம் வகுப்பைத் தொடக்கமாக வைத்தவர்கள், சோற்றுக்கு அதையே முடிவாக வைத்தது விசித்திரமே.

கார்ப்பரேஷன் கவுன்சிலர்கள் தங்கள் வட்டத்து நடுநிலைப் பள்ளிக்கு ஒரு நாள் காலை முதல் மணி அடிக்குமுன் சென்று, மூன்று வகுப்புகளிலும் இன்று உண்ணாமல் வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த வரவு செலவுக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சபையில் படித்து, அதற்குரிய தொகையைக் கேட்கட்டும்.