போத்தலையும் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்

தெல்லிப்பழையில் அம்மாவுக்கு மறதி என்றால் தகவல் முதலில் போவது கனடாவுக்கோ இலண்டனுக்கோதான். அங்கிருந்து ஜிங்கோ, பயோட்டின், மெலற்றோனின் என்று போத்தல் போத்தலாக வருகின்றன. கிளினிக் கொப்பியில் அவற்றில் ஒன்றுகூட ஏறுவதில்லை. "அது மருந்தில்லை, சத்துக் குளிசைதானே" என்கிறார்கள் வீட்டார். வேறென்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க கிளினிக்குகளிலும் பலருக்கு நேரமில்லை. இரண்டுமே பிழை.

பயோட்டினைப் பாருங்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். தலைமயிருக்கென்று விற்கும் குளிசையிலோ 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. இந்த அளவு சில ஆய்வுகூட முறைகளில் தைரொயிட் முடிவையே பொய்யாக்கும். தைரொக்சின் குடிப்பவருக்கு அது கூடிவிட்டதென்று நம்பி வைத்தியர் அளவைக் குறைத்தால், மந்தமும் மறதியும் இன்னும் கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே இதை எச்சரித்தது.

வோபரின் அல்லது அஸ்பிரின் குடிப்பவருக்கு ஜிங்கோ இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டலாம். 3,000க்கு மேற்பட்ட முதியவர்களிடம் நடந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது மறதிநோயைத் தடுக்கவுமில்லை. ஹோர்மோன் குளிசையும் மறதிக்கு மருந்தல்ல: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மறதிநோய் ஏறத்தாழ இரு மடங்கானதை 2003இல் கண்டார்கள்.

வல்லாரைச் சம்பல் வேறு, லேபிள் இல்லாத ஞாபகசக்திச் சூரணம் வேறு. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த 2008 ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதையா கொடுப்பது?

செய்ய வேண்டியவை:

1. வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பெயர், அளவு, தொடங்கிய மாதம் மூன்றையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை எழும்பாதீர்கள்.

2. மறதிக்குத் தைரொயிட், பி12 பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். நீண்டகாலம் மெற்போமின் குடிப்பவருக்கு பி12 குறையலாம்; அது திருத்தக்கூடிய மறதி. பயோட்டின் குடித்தால், வைத்தியரிடம் சொல்லி, இரத்தம் எடுப்பதற்கு 2 நாள் முன்பாவது நிறுத்துங்கள்.

3. சித்த மருந்து வேண்டுமானால் பதிவுபெற்ற வைத்தியரிடம் மட்டும் போங்கள்.

4. கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. ஏமாற்றப்பட்டால் 3 மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்; விசாரிக்க 1977க்கு அழையுங்கள். போத்தலையும் லேபிளையும் எறிந்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

திடீரென்று பேச்சுக் குழறினாலோ ஆள் தெரியாமல் போனாலோ போத்தலைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: குளிசை அனுப்புமுன் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அங்குள்ள மருந்தாளரிடம் காட்டுங்கள். காட்டாமல் அனுப்பாதீர்கள்.