நடுக்கடலில் 'மக்கர்' செய்யும் என்ஜின்: "பாத்துக்கிடலாம்" என்ற அலட்சியம் உயிருக்கு உலை!

நாகர்கோவில்:

ரோட்டில் வண்டி நின்றால் ஓரம் கட்டிவிட்டு மெக்கானிக்கை கூப்பிடலாம். நடுக்கடலில் படகு என்ஜின் நின்றால் ஓரமும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது.

குமரி மாவட்டத்தில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் இருந்து விசைப்படகுகளும் வள்ளங்களும் கடலுக்கு செல்கின்றன. தூத்தூர் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். இவர்கள் கரை திரும்புவது என்ஜினை நம்பித்தான்.

என்ஜின் ஓடும்வரை படகின் அணியத்தை அலைக்கு நேராக பிடித்துக்கொள்ளலாம். நின்றுவிட்டால் படகு குறுக்கே திரும்பிவிடும். பக்கவாட்டில் ஒரு பெரிய அலை அடித்தால் போதும், கவிழ்ந்துவிடும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் ராட்சத அலையில் சிக்கி மீனவர்கள் பலர் பலியாகி உள்ளனர். அந்த மாதிரி இடத்தில் என்ஜின் ஒரு நிமிஷம் நின்றாலும் விபரீதம்தான்.

என்ஜின் ஏன் நிற்கிறது?

முதல் காரணம் சூடு. கடல் தண்ணீரை இழுத்துத்தான் என்ஜின் தன்னை குளிர வைக்கிறது. அந்த வழியில் பிளாஸ்டிக் பை, பாசி அடைத்தாலோ, பம்பில் உள்ள ரப்பர் இறக்கை தேய்ந்தாலோ சூடு ஏறி என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது டீசலில் தண்ணீர் கலப்பது. பில்டரை மாற்றாமல் விட்டால், படகு ஆடும்போது டேங்க் அடியில் கிடக்கும் கசடு கலங்கி வந்து குழாயை அடைத்துவிடும். என்ஜின் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு கடலுக்கு போகவே கூடாது.

மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்து என்ஜினில் பிளக்கில் கரி பிடிக்கும். கரை வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

குட்டி விமானத்தில் எப்படி?

பயிற்சிக்கு பறக்கும் குட்டி விமானங்களில் 50 மணி, 100 மணி நேரம் என்று கணக்கு வைத்து என்ஜினை சோதிப்பார்கள். கோளாறு வந்தபிறகு அல்ல, வருவதற்கு முன்பே! படகிலோ, "இந்த ஒரு தங்கல் ஓடட்டும், வந்து பாத்துக்கிடலாம்" என்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயில், பில்டர் எப்போது மாற்றியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே பாதி ஆபத்து குறையும்.

விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் இதற்கு நல்ல நேரம். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்கு பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை. வள்ளங்களுக்கு இந்த தடை கிடையாது. எனவே வள்ளக்காரர்கள் தாங்களாகவே நாள் ஒதுக்கி பார்த்தால்தான் உண்டு.

அவசரத்துக்கு

கடலில் தத்தளித்தால் கடலோர காவல்படைக்கு 1554, கடலோர பாதுகாப்பு குழுமத்துக்கு 1093 என்ற எண்ணில் பேசலாம். செல்போன் சிக்னல் கிடைக்காத தூரத்தில் வயர்லெஸ் கருவியில் 16-வது சேனல்தான் கைகொடுக்கும்.

பில்டர் விலை சில நூறு ரூபாய். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவின் உயிர் அதைவிட பெரிசு.