பழைய மோட்டாருக்கு என்ன விலை?

உறவினரின் வீட்டை விற்றுக் கொடுப்பதைவிடச் சங்கடமான காரியம் ஒன்று உண்டு; அது அவருடைய பழைய மோட்டார் வண்டியை விற்றுக் கொடுப்பதுதான். வீட்டின் விலையை அக்கம்பக்கத்தில் விசாரித்து அறியலாம். பல வருஷங்களாக வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியின் விலையை யாரிடம் போய்க் கேட்பது?

அணுபுரத்தில் நமக்குச் சித்தி ஒருவர் உண்டு. காலஞ்சென்ற சித்தப்பா விட்டுப்போன சொத்துக்களில் 1968-ஆம் வருஷத்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வண்டியும் ஒன்று. உத்தியோகஸ்தர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய வேளையில், காயலான் கடைக்காரர் வந்து இரும்பின் எடைக்கு ஒரு விலை பேசினார். "நின்றுபோன வண்டிக்கு இதுவாவது கிடைக்கிறதே, அப்பா!" என்று சித்தி சம்மதித்துவிட்டார். நாம்தான் சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.

ஏனெனில் ஹெரால்டு நம் ஜில்லாவின் கைவண்ணம். இங்கிலாந்தில் 'டிரையம்ப்' என்ற பெயரில் ஓடிய அந்த வண்டி, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாராயிற்று. அதன் வடிவத்தை வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அந்தத் தொழிற்சாலையில் இப்போது கார் உற்பத்தி இல்லை. ஆகவே எஞ்சியுள்ள வண்டிகளைத் தேடும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

விலை கட்டுமுன் வண்டியின் அடியைப் பார்க்கவேண்டும். ஹெரால்டின் உடல், தனிச் சட்டத்தின்மேல் போல்ட்டு போட்டுப் பொருத்தப்பட்டது. கடற்காற்று படும் ஊரில் சட்டமும் தரைத் தகடும் துருவுக்கு இரையாகும். மேலே பளபளவென்று சாயம் பூசி அதை மறைப்பது வாங்குபவருக்குச் செய்யும் வஞ்சனை. எஞ்சினையும் அவசரப்பட்டு முடுக்கலாகாது. பழைய எண்ணெயை மாற்றி, பெட்ரோல் தொட்டியைக் கழுவி, முதலில் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். கழன்று கிடக்கும் விளக்கையும் பிடியையும் குப்பையில் எறியலாகாது. அவை கிடைப்பதற்கு அரியவை.

அடுத்தது காகிதம். சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கவேண்டும். சொந்தக்காரர் காலமாகியிருந்தால் வாரிசின் பெயருக்கு மாற்ற 31-ஆம் படிவம் கொடுக்கவேண்டும். 2021-ஆம் வருஷத்து மத்திய விதிகளின்படி, ஐம்பது வருஷம் கடந்து, அசல் உருவம் கெடாத சொந்த வண்டியைப் புராதன வண்டியாகப் பதியலாம். ஆனால் அதைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கே கொண்டு செல்லலாம். வாங்குபவரிடம் இதையும் சொல்லிவிடுவதே முறை.

இவ்வளவும் பார்த்தபின், பழைய வண்டிகளில் பழகிய இருவரைத் தனித்தனியே அழைத்து மதிப்பிடச் செய்தோம். துருப்பிடித்த இடங்களை நாமே காட்டினோம். அப்படியும் ரசிகர் ஒருவர் கொடுத்த தொகை இரும்பு விலையைப்போல் பல மடங்கு இருந்தது.

உறவினருக்காக விற்பவர் ஒரு நியமத்தை மறக்கலாகாது. மதிப்புப் போடுகிறவரே வாங்குகிறவராக இருக்கக் கூடாது. வந்த விலைகளையெல்லாம் காகிதத்தில் எழுதி, வாரிசுகள் அனைவருக்கும் காட்டிவிடவேண்டும். கார் கைமாறிப் போய்விடும். பிறகும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரவேண்டியவர்கள் அல்லவா?