வேலிக்குள் அடங்கும் இசை

முற்றத்து மாமரநிழலில் மாலைதோறும் நாதஸ்வரம் கேட்க விரும்பி, சென்ற ஆண்டு வேலியோரம் பெரிய ஒலிபெருக்கியொன்றை நிறுத்தினோம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அயல்வீட்டு மாணவி, புழுக்கத்திலும் தன் யன்னலை அடைத்துக்கொண்டாள். ஆசிரியராகிய நாம் நாணினோம்.

தவறு எங்கே? திறந்தவெளியில் ஒலியைத் திருப்பித்தரச் சுவர்கள் இல்லை. தூரம் இருமடங்காகுந்தோறும் அது ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 1 மீற்றரிலிருந்து 8 மீற்றருக்குச் செல்கையில் 18 டெசிபல் குறைந்துவிடும். மாமரத்தடிக்கு எட்டவேண்டி நாம் ஒலியை உயர்த்த, வேலிக்கு அப்பால் அதுவே இரைச்சலாயிற்று.

இப்பொழுது மழைக்கு ஈடுகொடுக்கும் சிறிய ஒலிபெருக்கிகள் நான்கினை இருக்கைகளருகே, வேலிக்குப் புறங்காட்டி வைத்துள்ளோம். கம்பிகள் குழாயினுள், மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன. மெல்லிய ஒலியே போதுகிறது.

அயல்வீட்டு யன்னல் மீண்டும் திறந்திருக்கிறது. அன்பர்களே, தோட்டத்தை அளக்குமுன் அயலையும் நோக்குவீர்!